மாமாவின் பென்ஸும் ஜவ்வாது மலையும் பின்னே ஒரு ஓ-ரிங்கும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். வழக்கமான சாக்குதான், மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு எழுதப்போறது கார் பத்தி. கார் பிடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க, காரை விட காசு பத்தின விஷயம் இதுல அதிகம்.

வேலூர்ல இருக்கிற என் மாமாகிட்ட ஒரு பழைய பென்ஸ் இருக்கு. 1996 மாடல், ஈ 250 டீசல். வண்டிக் கிறுக்கு பிடிச்சவங்க இதை டபிள்யூ 124ன்னு சொல்லுவாங்க. 1984-ல ஜெர்மனியில வந்த மாடல், உலகம் முழுக்க 25 லட்சத்துக்கு மேல வித்திருக்கு. நம்ம ஊர்ல பென்ஸ் கம்பெனி 1995-ல புனேயில கார் பூட்ட ஆரம்பிச்சப்போ முதல்ல பூட்டினது இதைத்தான், அதுவும் டெல்கோவோட இடத்துல. டெல்கோன்னா இப்போதைய டாடா மோட்டார்ஸ். மாமா 2011-ல மூணாவது ஓனரா வாங்கினாரு. ரிட்டயர்மெண்ட் காசுல ஒரு பங்கு. அத்தை அன்னைக்கு மூணு நாள் பேசலையாம்.

இந்த வண்டி ஒரு வருஷமா காலைல ஸ்டார்ட் ஆக அடம் பிடிச்சிட்டு இருந்தது. செல்ஃப் நல்லா சுத்தும். சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும். இருபது செகண்டு, சில நாள் முப்பது செகண்டு. அப்புறம் ஒரு இருமல் இருமிட்டு எந்திரிக்கும். ஒரு தடவை எந்திரிச்சா சாயங்காலம் வரைக்கும் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட். மறுநாள் காலைல திரும்பவும் அதே கதை.

மாமா முதல்ல கேட்டது என்னைத்தான். மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுறவன்னாலும் அவர் கண்ணுக்கு நான் இன்னும் மெக்கானிக்கல் இஞ்சினியர்தான். நானும் நெட்ல அரை மணி நேரம் மேஞ்சுட்டு, "ஹீட்டர் பிளக் போயிருக்கும் மாமா, டீசல் வண்டி காலைல மக்கர் பண்ணா அதுதான்"ன்னு அடிச்சு விட்டேன். அஞ்சு சிலிண்டர், அஞ்சு பிளக். அஞ்சையும் மாத்தினாரு. அதுக்கு முன்னாடியே ஒரு கடைக்காரர் சொல்லி பேட்டரியும் மாத்தியாச்சு. ரெண்டும் சேர்த்து 22,000. வண்டி ஒரு வாரம் நல்லா இருந்தது, திரும்பவும் அடம்.

அப்புறம் அவர் வழக்கமா விடற ஒர்க்‌ஷாப்ல, "பம்ப் இறக்கிப் பார்க்கணும் சார், 70,000 ஆகும், மேலயும் போகலாம்"ன்னு சொல்லிட்டாங்க. பழைய வண்டி வச்சிருக்கறதே இப்ப செலவு. 15 வருஷம் தாண்டின காரோட ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாய்லேர்ந்து 5,000 ஆச்சு. 2025-ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. இதுக்கு மேல 70,000-ஆன்னு மாமா யோசிக்கும்போது, ஒரு புரோக்கர் 1,25,000-க்கு வண்டியைக் கேட்டான். "கடைசியா ஒரு தடவை மலைக்குப் போயிட்டு வந்து குடுத்துடறேன்"ன்னு மாமா போன்ல சொன்னப்போ குரல் சரியில்லை. பிளக் மாத்தச் சொன்ன பாவம் என் தலைமேல இருந்ததால நானும் கிளம்பிட்டேன்.

போன டிசம்பர் அது. போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறினோம். மலையில வண்டி பேசவே இல்லை, அப்படி ஏறிச்சு. வழியில பலா, புளி, அறுவடை முடிஞ்ச சாமைக் கொல்லை. அத்தை தேன் வாங்கணும்னு நாலு இடத்துல நிறுத்தச் சொன்னாங்க. ஊட்டி மாதிரி ஜோடனை எல்லாம் கிடையாது, அதனாலேயே எனக்கு இந்த மலை பிடிக்கும்.

தங்கின இடம் ஒரு சரிவு. வண்டியோட மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திட்டு படுத்தோம்.

காலைல ஆறரை மணி. நல்ல குளிர். மாமா சாவியைத் திருகி, ஹீட்டர் லைட் அணையற வரைக்கும் காத்திருந்து அடிச்சாரு. பத்து செகண்டு, நிறுத்தம். திரும்ப பத்து செகண்டு. டீ கடையிலேர்ந்து நாலு பேர் வந்துட்டாங்க. "குளிர் சார், மலை இல்லையா"ன்னு ஒருத்தர். "தள்ளிப் பார்க்கலாமா"ன்னு இன்னொருத்தர். மூணாவது தடவையில எந்திரிச்சது.

நான் பின்னாடி நின்னு சைலன்சரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவு நேரம் செல்ஃப் சுத்தியும் புகையே வரலை. ஒரு துளி கூட இல்லை. அப்பதான் லேசா உறைச்சது, நான் சொன்ன வைத்தியம் தப்புன்னு.

இங்க கொஞ்சம் பாடம் எடுக்கறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. டீசல் இஞ்சின்ல தீப்பொறி கிடையாது. காத்தை அமுக்கி அமுக்கி (இந்த மாதிரி பழைய பென்ஸ் டீசல்ல ஏறக்குறைய இருபத்திரண்டுல ஒரு பங்கா) சூடாக்கி, அந்தச் சூட்டுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். ஸ்டார்ட் ஆக மூணு விஷயம் வேணும். செல்ஃப் வேகமா சுத்தணும், உள்ள சூடு இருக்கணும், டீசல் வந்து சேரணும். செல்ஃப் சோம்பலா சுத்தினா பேட்டரி, கேபிள், எர்த் பட்டையைப் பார்க்கணும். செல்ஃப் நல்லா சுத்தி, வெள்ளைப் புகை வந்து, ஆட்டம் போட்டு எந்திரிச்சா சூடு பத்தலைன்னு அர்த்தம்: ஹீட்டர் பிளக்கோ கம்ப்ரஷனோ. ஏன்னா அந்த வெள்ளைப் புகையே எரியாத டீசல்தான். செல்ஃப் நல்லா சுத்தி, புகையே வரலைன்னா? டீசலே வரலை! இல்லாத டீசல் எப்படிப் புகையும்?

இதை மாமா ஒரு வருஷமா தினமும் காலைல பார்த்திருக்கலாம். நானும் போன்ல ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், "புகை வருதா மாமா?"ன்னு. நான் கேட்கலை. ஒர்க்‌ஷாப்லயும் யாரும் கேட்கலை.

ஆபீஸ்ல ஒரு பக் வந்தா நாங்க முதல்ல செய்யற வேலை அதைத் திரும்ப வரவைக்கிறது. எந்தச் சூழ்நிலையில வருது, எதுல வரலை. அது தெரியாம கோடைத் தொட்டா டீம் லீடர் காய்ச்சி எடுத்துடுவாரு. ஆனா கார்னு வந்தா நான் படிச்சது எல்லாம் மறந்துபோய், கோயில் வாசல்ல ஜோசியம் சொல்ற மாதிரி "பிளக் மாத்துங்க"ன்னு சொல்லியிருக்கேன். வெட்கமாத்தான் இருந்தது.

அன்னைக்கு ராத்திரி ஒரு டெம்போவுக்கு இடம் வேணும்னு கேட்டாங்க. வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினோம். மறுநாள் காலைல குளிர் இன்னும் அதிகம், பல்லு தந்தியடிச்சது. மாமா கந்தசஷ்டி சொல்லிக்கிட்டே சாவியைத் திருகினாரு. மூணு செகண்டுல ஸ்டார்ட்!

மாமாவுக்கு அது முருகன். எனக்கு அது டெம்போக்காரர்.

யோசிச்சுப் பாருங்க. குளிர் காரணம்னா ரெண்டாவது நாள் இன்னும் மோசமா இருந்திருக்கணும். அதே பிளக், அதே பேட்டரி, அதே பம்ப். மாறினது மூக்கு மட்டும்தான். இந்த வண்டிக்கு டீசல் டேங்க் பின்னாடி, இஞ்சின் முன்னாடி. மூக்கு மேல இருந்தா இஞ்சினை விட டேங்க் கீழ போயிடும். நடுவுல எங்கயாவது ஒரு இணைப்பு காத்து இழுத்தா, ராத்திரி முழுக்க டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பி இறங்கிடும், அந்த இடத்துல காத்து உட்கார்ந்துக்கும். காலைல செல்ஃப் அடிக்கிறது எல்லாம் அந்தக் காத்தைத் தள்றதுக்குத்தான். நாசில் திறக்க நூறு பாருக்கும் மேல அழுத்தம் வேணும். டீசலை அமுக்கினா அழுத்தம் வரும். காத்தை அமுக்கினா அது பாட்டுக்கு சுருங்கிக்கும், நாசில் திறக்காது.

லாரி, டிராக்டர் ஓட்டறவங்களுக்கு இது புதுசு இல்லை. "ஏர் புடிச்சிருச்சு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க. டிராக்டருக்கு வந்தா ஏர் லாக், பென்ஸுக்கு வந்தா மட்டும் 70,000 ரூபா பம்ப். பெரிய வண்டிக்கு பெரிய வியாதிதான் வரணும்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருக்கு. ஓனருக்கும் இருக்கு, மெக்கானிக்குக்கும் இருக்கு. அந்த மூணு முனை நட்சத்திரத்தைப் பார்த்ததும் சாதாரணக் கேள்வி கேட்கவே கூச்சமா இருக்கும் போல.

ஒரு தடவை நடந்ததை வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு, காலைல நல்லா ஓட்டி இஞ்சினைச் சூடாக்கிட்டு, கோலப்பன் ஏரிப் பக்கம் ஒரு மேட்டுல வேணும்னே மூக்கை மேல வச்சு நிறுத்தினேன். அஞ்சு மணி நேரம். படகு, சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் அடிச்சா பன்னிரண்டு செகண்டு, புகை இல்லை. இஞ்சின் இன்னும் வெதுவெதுப்பா இருக்கு, ஹீட்டர் பிளக்குக்கு அங்க பெருசா வேலையே இல்லை. பிளக் வழக்குல தீர்ப்பு சொல்லியாச்சு.

பானட்டைத் திறந்து பார்த்தா, பில்டர் பக்கம் போற பிளாஸ்டிக் டீசல் பைப் கண்ணாடி மாதிரி உள்ள தெரியும். ஸ்டார்ட் ஆனதும் அதுல சோடா மாதிரி குமிழ் ஓடுது. ஒரு வருஷமா இந்தப் படம் அங்க தினமும் ஓடிக்கிட்டு இருந்திருக்கு, பார்க்க ஆள் இல்லை.

ரோட்டோரம் ஜீப்பும் டிராக்டரும் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினோம். பென்ஸ் அவர் தொட்டதே இல்லையாம், முதல்லயே சொல்லிட்டாரு. டார்ச் அடிச்சு ஒவ்வொரு இணைப்பா விரல் வச்சுத் தடவினாரு. பத்து நிமிஷம் பேசவே இல்லை. ஒரு இடத்துல தூசி ஈரமா ஒட்டியிருந்தது. "இங்க கசியுது தம்பி. டீசல் வெளிய வர்ற வழியில காத்து உள்ள போகாதா? உள்ள வாஷர் காஞ்சு போயிருக்கும். நாசில் மேல இருக்கிற இந்தச் சின்ன ஹோஸையும் மாத்திடுங்க, வெடிச்சிருக்கு. பம்பைத் தொட விடாதீங்க"ன்னாரு. சந்தேகம் இருந்தா டேங்க்லேர்ந்து வர்ற லைனைக் கழட்டிட்டு, ஒரு பாட்டில்ல டீசல் ஊத்தி இஞ்சினுக்கு மேல கட்டி நேரா பம்புக்குக் குடுத்துப் பாருங்கன்னும் சொன்னாரு.

200 ரூபா கேட்டாரு. அங்கதான் மாமா ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க...

"எதுவும் மாத்தலையே தம்பி, சும்மா பார்த்ததுக்கு இருநூறா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே மனுஷன்தான் தப்பான பேட்டரிக்கும் தப்பான பிளக்குக்கும் 22,000-ஐ வாயைத் திறக்காம குடுத்தவரு. ஏன்னா அங்க கையில பெட்டி வந்தது, பளபளன்னு பொருள் வந்தது, பில்லுல பேர் வந்தது. இங்க வந்தது சரியான பதில் மட்டும். அதுக்கு பில்லுல ஒரு வரி கிடையாது.

இந்தப் பதிவே அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஒர்க்‌ஷாப்காரங்க எல்லாம் கொள்ளையடிக்கிறாங்கன்னு திட்டறது சுலபம். நானும் திட்டியிருக்கேன். ஆனா வேலூர் திரும்பினதும் அந்த ஒர்க்‌ஷாப்காரர்கிட்ட இதைச் சொன்னப்போ அவர் சொன்னது நியாயமா இருந்தது. "சார், சாயங்காலம் கொண்டாந்து விடறீங்க. என் தரை சமம். காலைல நான் அடிச்சா ஸ்டார்ட் ஆகுது. உங்க வீட்டு வாசல்ல வந்து ரெண்டு ராத்திரி நான் படுக்க முடியுமா? படுத்தா நீங்க காசு குடுப்பீங்களா?"

குடுத்திருக்க மாட்டோம். பார்க்கிறதுக்குக் காசு இல்லை, மாத்தறதுக்குத்தான் காசுன்னா, அவர் மாத்தத்தான் செய்வாரு. நம்ம துறையில மணிக்கணக்குல பில் போடறோம். மூணு நாள் தேடி ஒரு வரி மாத்தினா மூணு நாள் சம்பளமும் வரும். அந்த ஒரு வரிக்கு மட்டும் காசுன்னு சொன்னா நாமளும் ஆயிரம் வரி மாத்தித்தான் கணக்கு காட்டுவோம். இல்லையா மக்களே?

காவலூர் பக்கத்துலதான் இருக்கு. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-லேர்ந்து வைணு பாப்பு பேர்ல இருக்கு. அங்க வேலை செய்யறவங்களுக்கு ஒரு வசதி, நட்சத்திரத்தைக் கழட்டி வேற மாட்டிப் பார்க்க முடியாது. எப்ப மங்குது எப்ப பிரகாசிக்குதுன்னு குறிச்சு வச்சுத்தான் ஆகணும். அவங்களுக்கு பார்க்கிறதுக்கே சம்பளம். மாமாகிட்ட திரும்பி வர்ற வழியில இதைச் சொன்னேன். "அதுக்கு கவர்மெண்ட் குடுக்குதுடா மாப்ளே"ன்னாரு :-)

மிச்சக் கதை வேலூர்ல தெளிஞ்சது. மாமா வீட்டு போர்ட்டிகோ தெருவை விட உசரம். கார் மூக்கை முன்னாடி விட்டு ஏறும், முன் சக்கரம் மேல, பின் சக்கரம் பாதி சரிவுலயே நிக்கும். தினமும் ராத்திரி மூக்கு மேல! ஒர்க்‌ஷாப் தரை சமம்கிறதால அங்க எப்பவும் நல்ல பிள்ளை. எங்க பாஷையில சொன்னா, "என் மெஷின்ல ஓடுதே!" பிளக் மாத்தின வாரம் ஏன் நல்லா இருந்ததுன்னும் கேட்டுப் பார்த்தேன். சந்தோஷத்துல மாமா அன்னைக்கு டேங்க் நிரப்பியிருக்காரு. 70 லிட்டர் டேங்க். நிறைஞ்சிருந்தா டீசல் மட்டம் உசரம், பின்னாடி இறங்கறது கம்மி. கால் டேங்குக்கு வந்ததும் பழைய நோய் திரும்பிடுச்சு. புது பிளக்குக்குப் போன பேர் உண்மையில பெட்ரோல் பங்க்குக்குப் போயிருக்கணும்.

மலைக்காரர் சொன்ன பாட்டில் வைத்தியத்தையும் செஞ்சேன். போர்ட்டிகோவிலேயே ராத்திரி நிறுத்தி, காலைல பாட்டிலைக் கட்டி, பம்புக்கு டீசல் இறங்கவிட்டு அடிச்சா ரெண்டு செகண்டு. மறுநாள் பாட்டில் இல்லாம அதே இடத்துல பதினஞ்சு செகண்டு. மாமாவையே ஸ்டாப்வாட்ச் பிடிக்க வச்சேன். (டீசல் வண்டிக்கு மட்டும்தான் இது. பெட்ரோல்ல செஞ்சா வீட்டோட கிளம்பிடுவீங்க. ஹீட்டர் பிளக் இருக்கிற இஞ்சின்ல ஈதர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்றவங்க பேச்சையும் கேட்காதீங்க. சூடா இருக்கிற பிளக்குல அது நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு இஞ்சினையே கெடுத்துடும்.)

அப்புறம் அதே ஒர்க்‌ஷாப்ல பைப் இணைப்புகள்ல எல்லா ஓ-ரிங்கும், நாசில் மேல இருக்கிற துணி பின்னின ஹோஸும் மாத்தினாங்க. பழைய ஓ-ரிங்கை விரல்ல அழுத்தினா பிளாஸ்டிக் வளையல் மாதிரி கிர்ருன்னு இருந்தது. ரப்பருக்கும் வயசாகும், யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லை. பொருளும் கூலியும் சேர்த்து 2,600 ரூபா. அதுக்கு மேல 1,000 ரூபா "பார்த்த கூலி"ன்னு தனியா எழுதிக் குடுக்கச் சொல்லி நானே குடுத்தேன். அவர் பில் புக்கை ரெண்டு தடவை பார்த்துட்டு, எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியாம ஓரத்துல எழுதினாரு.

இதே மாடல் பெட்ரோல் வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க கதை வேற, ஆனா முறை இதேதான். அடிக்கிறதுக்கு முன்னாடி சாவியை ரெண்டு மூணு தடவை ஆன்-ஆஃப் பண்ணிட்டு அடிச்சா உடனே ஸ்டார்ட் ஆகுதுன்னா, ராத்திரி பெட்ரோல் அழுத்தம் இறங்குதுன்னு சந்தேகப்படுங்க. சூடா இருக்கும்போது மட்டும் மக்கர் பண்ணி, ஆறினதும் எந்திரிச்சா கிராங்க் சென்சாரைப் பாருங்க. தொண்ணூறுகள் நடுவுல வந்த சில மாடல்கள்ல இஞ்சின் வயர் மேல இருக்கிற உறை பொடிப்பொடியா உதிரும், அதையும் ஒரு கண் பாருங்க. எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல பத்து நாள் எழுதுங்க: எத்தனை மணி, குளிரா சூடா, எத்தனை செகண்டு, புகை உண்டா, டேங்க் எவ்வளவு, மூக்கு எந்தப் பக்கம்.

புரோக்கர் போன வாரம் திரும்ப போன் பண்ணியிருக்கான். மாமா 4,00,000 சொன்னாராம். அவன் அதுக்கப்புறம் கூப்பிடலை. வண்டி இப்ப காலைல மூணு செகண்டுல ஸ்டார்ட் ஆகுது. ஆனாலும் மாமா தினமும் ராத்திரி ரிவர்ஸ் எடுத்துத்தான் போர்ட்டிகோவுல விடறாரு, அதுல துளசி மாடம் ரெண்டு தடவை இடிபட்டிருக்கு.

டிஸ்கி: துளசி மாடத்துக்கு ஆன செலவை அத்தை என் கணக்குல எழுதியிருக்காங்க.